"நீங்க என்ன ஆளுங்க?"

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்களைப் பார்த்து யாராவது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கடைசியாகக் கேட்டது எப்போது? சரி, நீங்கள் கடைசியாக யாரிடம் கேட்டீர்கள்?

இந்தக் கேள்வியை நம்மவர்கள் நேராகக் கேட்பதில்லை. சுற்றி வளைத்துத்தான் வருவார்கள். முதலில் "எந்தத் தோட்டம்?" என்பார்கள். பிறகு "தாத்தா எந்த ஜில்லாவிலிருந்து வந்தாங்க?" பிறகு "குலதெய்வம் எது?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், இல்லாவிட்டால் ஒரு சங்கடம் தெரியும். கோயில் திருவிழாவில், மருத்துவமனை வரிசையில், திருமண மண்டபத்தில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் கேட்டிருக்கிறேன். அந்த வெட்கத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜெஞ்சாரோம் பக்கத்தில் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவள். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், தெலுக் பங்ளிமா காராங்கைத் தாண்டினால் எங்கள் ஊர். அவசரகாலத்தில் சீனர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய புதுக்கிராமம் நடுவில். அதைச் சுற்றிச் செம்பனை. சீனப் புத்தாண்டு வந்தால் இங்குள்ள புத்தர் கோயிலின் விளக்கு அலங்காரத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கார்கள் வரும். 2018-இல் ஊர் பெயர் வேறு விதமாக உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. சீனா பிளாஸ்டிக் குப்பையை வாங்க மறுத்ததும் அது இங்கே வந்து குவிந்தது. உரிமம் இல்லாத ஆலைகள் இரவில் எரித்தன. பிள்ளைகள் இருமிக்கொண்டே பள்ளிக்கு வந்தார்கள். ஊர்மக்கள் விடாமல் புகார் கொடுத்தார்கள், ஆலைகள் மூடப்பட்டன, 17,000 டன் குப்பை மிச்சம் கிடந்ததாகச் செய்தி வந்தது. அந்த நாற்றத்தைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் கடைவாசலிலேயே நின்று பேசினோம்.

மற்ற விவகாரங்களுக்கும் நம்மவர்கள் வாயை மூடுகிறவர்கள் அல்லர். தமிழ்ப் புத்தாண்டு தையா சித்திரையா என்று கேட்டுவிட்டால் போதும், தே தாரிக் ஆறிப்போகும் வரை சண்டைதான். தமிழ்நாட்டில் 2008-இல் தை என்று சட்டம் போட்டார்கள், 2011-இல் திரும்பச் சித்திரை என்றார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. 2019-இல் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் ஜாவி வனப்பெழுத்து என்று அறிவிப்பு வந்தபோதும் அப்படித்தான். பெற்றோர் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. ஆனால் சாதி என்று வந்தால் மட்டும் எல்லாருக்கும் வீட்டில் வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.

ஒரே ஒரு வருடம் இதற்கு விலக்கு. அது 2011.

அப்துல்லா உசேன் என்ற மலாய் எழுத்தாளர், பின்னால் 1996-இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர், 'இண்டர்லோக்' என்று ஒரு நாவல் எழுதினார். சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டையொட்டி 1967-இல் நடந்த போட்டிக்காக எழுதியது. 1971-இல் நூலாக வந்தது. செமான் என்ற மலாய்க்காரர், சின் ஹுவாட் என்ற சீனர், மணியம் என்ற தமிழர், இந்த மூன்று குடும்பங்களின் கதை. நாற்பது ஆண்டுகள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. 2011 தொடக்கத்தில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கோலாலம்பூர், புத்ராஜெயா மாணவர்களுக்கு ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாக அதைக் கொடுத்தபோதுதான் தீப்பற்றியது. கப்பலில் வருகிற தமிழர்களைப் பற்றிய பகுதியில் ஒரு சாதிப்பெயர் இருந்தது. அவர்கள் எல்லாரும் அந்த ஒரே சாதி என்றும், அதனால் தீட்டுப் பயம் இல்லாமல் கலந்திருந்தார்கள் என்றும் வந்தது. அந்தச் சொல் ஆங்கிலத்திலும் மலாயிலும் எந்தப் பொருளில் புழங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். பள்ளி வகுப்பில் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது நம் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

போராட்டம், மனு, குழு, திருத்தம் என்று அந்த வருடம் முழுவதும் போனது. திருத்திய பதிப்பு போதாது என்று குரல் எழுந்தது. வருடக் கடைசியில், டிசம்பரில், புத்தகத்தைப் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொண்டார்கள்.

எதிர்த்தது சரிதான் என்று இன்றும் சொல்வேன். பெரியவர்கள் படிக்கும் நாவலில் எதுவும் இருக்கலாம். பதினேழு வயதுப் பிள்ளையை, மூன்று இனமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பரீட்சைக்காக அதை வாசிக்க வைப்பது வேறு. நானும் மனுவில் கையெழுத்துப் போட்டேன். கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். அப்போது எனக்கு முப்பது வயதுதான், கைதட்டல் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் ஆசிரியர் அறையில், மலாய் மொழி கற்பிக்கும் தோழி ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். நல்ல மனுஷி. நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் கொடுத்தால் மாட்டிறைச்சி இல்லாமல் கோழியில் தனியாகச் செய்து கொடுப்பார். "கோபித்துக்கொள்ளாதே, எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அந்தச் சொல் ஏன் உங்களுக்கு அவ்வளவு வலிக்கிறது? இன்னும் உங்களுக்குள் அது இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார். குத்தலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லை, அதெல்லாம் தாத்தா காலத்தோடு போய்விட்டது" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்காமல் வந்த பொய் அது. வெளியாருக்கு முன்னால் வீட்டைத் துடைத்துக் காட்டுகிற பொய். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் பாடக்குறிப்பு எழுதத் தொடங்கினேன்.

அந்த மாதமே இன்னொன்று நடந்தது. என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பெண் ஐந்தாம் படிவத்தில் இருந்தாள். ஒரு சனிக்கிழமை மாலை கையில் அந்தப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், இதுல என்னதான் எழுதியிருக்குன்னு தாத்தா வாசிச்சுக் காட்டச் சொல்றாரு. என்னால முடியல. நீங்க வந்து வாசிக்கிறீங்களா?" என்றாள். வகுப்பில் ஒரு பையன் அந்தச் சொல்லைச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவனும் தமிழ்ப் பையன்தான். அதைக் கடைசியில்தான் சொன்னாள்.

அவர்கள் வீடு பழைய லயத்தின் கடைசியில். தாத்தாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. பால் மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை அறுத்தவர். முதுகு வளைந்திருந்தாலும் காது கூர்மை. அஞ்சடியில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். பேத்தி தேநீர் கொண்டுவந்தாள். நான் மலாயில் ஒரு வரி வாசித்துத் தமிழில் ஒரு வரி சொல்லிக்கொண்டே போனேன். அந்தச் சொல் வந்த இடத்தில் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

"டீச்சர், ஒரு வார்த்தைய முழுங்கிட்டீங்க" என்றார்.

நான் பேசவில்லை.

"அது எங்க பேருதான். நீங்க வாயத் தொறந்து சொல்லலாம். சொன்னா நான் செத்துற மாட்டேன். இத எழுதுனவரு மலாய்க்காரரு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? நம்ம யாரோ சொல்லித்தான தெரிஞ்சிருக்கும்?"

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? உலகத்து அகராதிகளுக்கு அந்தச் சொல்லைக் கடன் கொடுத்தது தமிழ் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. நானாக அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பெரியவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்லுமுன் உங்களில் இளையவர்களுக்காக ஒரு விஷயம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் என்பவர் முன்னின்றார். சம்பள உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அந்தக் கோரிக்கைகளில் ஒன்று சைக்கிள். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, படை இறங்கியது, ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

"எனக்கு எட்டு வயசு. எங்கப்பா கூட்டத்துல முன்னால போனாரு. எல்லா ஆளுங்களும் ஒண்ணாத்தான் நின்னாங்க, அத நான் சொல்லணும். அடி வாங்கிட்டு வந்தாரு. மண்டையில ரத்தம். வர்ற வழியில முதல்ல இருந்தது ஒரு பெரிய ஆளுங்க வீடு. அந்த வீட்டு ஆம்பளையும் ஸ்ட்ரைக்குக்குப் போனவருதான். எங்கப்பா தண்ணி கேட்டாரு. அந்தம்மா அழுதுக்கிட்டே ஓடிப்போயி தண்ணி கொண்டாந்தாங்க. கொட்டாங்கச்சியில கொண்டாந்தாங்க, டீச்சர்."

அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

"துரைக்கு முன்னால சைக்கிள்ல போகணும்னு சண்ட போட்டு ரத்தம் சிந்துன மனுசன். அந்தம்மாவும் நல்லவங்கதான். அழுதாங்களே! ஆனா கை தானா கொட்டாங்கச்சிக்குத்தான் போச்சு."

அதன் பிறகு புத்தகத்தை நாங்கள் வாசிக்கவில்லை. கங்காணி தன் ஊர் ஆட்களையே திரட்டி வந்ததால் இந்தியக் கிராமத்தின் தெருக்களே இங்கு லயங்களாக மாறிய கதையை அவர் சொல்லிக்கொண்டு போனார். எந்த லயத்தில் யார், எந்தக் கோயிலில் யார் உள்ளே, யார் வாசலில், கிராணி வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனவர்கள் யார் என்று. பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்துபோனதைத் தன் அப்பா சொல்லக் கேட்டதையும் சொன்னார். இருட்டிவிட்டது. கொசு கடித்தது. பேத்தி வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

நான் புறப்படும்போது கேட்டார்: "நீங்க கூட்டத்துல நல்லாப் பேசுனீங்கன்னு சொன்னாங்க. நம்மளப் பத்தி மத்தவங்க எழுதுனா இவ்வளவு கோபம் வருதே, நல்லதுதான். உங்க வீட்டுல ஒரு கல்யாணம்னா, எங்க வீட்டுல பொண்ணு எடுப்பீங்களா?"

"காலம் மாறிக்கிட்டுத்தான இருக்கு, தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாசகர்களே, அந்தக் கேள்வி மூன்று ஆண்டு கழித்து என் வீட்டுக்கே வந்தது. அந்தப் பெரியவர் வீட்டிலிருந்து இல்லை. வேறு ஊர், வேறு குடும்பம். 2014-இல் என் தம்பி, தெலுக் பங்ளிமா காராங்கில் தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்றான். அம்மா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் அடுப்படிக்குக் கூப்பிட்டார். "நீ டீச்சரு, உனக்கு நாலு பேரத் தெரியும். என்ன ஆளுங்கன்னு விசாரி" என்றார்.

நான் விசாரித்தேன். எந்தத் தோட்டம், எந்த ஜில்லா, குலதெய்வம் எது. மூன்று தொலைபேசி அழைப்பில் முடிந்துவிட்டது. பதிலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்று சாப்பிடவில்லை. பிறகு பெண் வீட்டாருக்குப் போன் செய்து, "ஜாதகம் பொருந்தலைங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொன்னதும் நானேதான். ஜாதகத்தை யாரும் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் அம்மா ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்குப் புரியுதுங்க டீச்சர்" என்றார். அந்த 'டீச்சர்' இன்னும் காதில் இருக்கிறது.

தம்பிக்கு உண்மை தெரிந்தது. 2015-இல் பதிவு அலுவலகத்தில் நண்பர்களை வைத்துத் திருமணம் செய்துகொண்டான். இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் கொஞ்சம் பேசினான், என்னோடுதான் பேசவில்லை. "அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும். உனக்கு?" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினான்.

ஒருநாள் அம்மாவோடு இதை உட்கார்ந்து பேசினேன். பேசுவது என்றால் சண்டை. நான் மண்டபத்தில் பேசியதையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "நான் செத்தா யாரு வருவா?" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா விளக்கினார். தோட்டத்தில் இருந்தபோது சாவு என்றால் லயமே வரும். தோட்டத்தை விற்றார்கள், ஆளுக்கொரு திசையில் போனார்கள், அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. இப்போது சாவுக்கு வருகிறவர்கள் சொந்தம்தான். சொந்தம் என்றால் அதே ஆளுங்கதான். அந்தக் கதவை மூடிவிட்டால் தூக்கிப் போட நாலு பேர் வேண்டாமா?

இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சாதியை ஆணவம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். அம்மாவிடம் இருந்தது பயம். அதனால் அது சரியாகிவிடாது. அந்தக் கொட்டாங்கச்சியை நீட்டிய அம்மாவும் அழுதுகொண்டேதான் நீட்டினார். ஆனால் பயந்தவரிடம் பேசுகிற பேச்சு வேறு, ஆணவக்காரரிடம் பேசுகிற பேச்சு வேறு என்று அன்று தெரிந்துகொண்டேன். கத்துவதை நிறுத்தினேன்.

"இதையெல்லாம் ஏன் எழுதுகிறீர்கள்? பேசினால்தான் வளரும், விட்டால் தானாக அழியும்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அறுபது, எழுபது ஆண்டுகளாக விட்டுத்தானே பார்த்தோம்? மணமக்கள் தேவை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள், எவ்வளவு அழிந்திருக்கிறது என்று தெரியும். "நாமே சிறுபான்மை, மற்றவர் முன் நம்மை நாமே குறைத்துக்கொள்ளலாமா?" என்று இன்னொரு சாரார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, அதனால்தான் மலாய்த் தோழியிடம் பொய் சொன்னேன். ஆனால் 1984-இலேயே ராஜகிருஷ்ணன் இராமசாமி என்ற நம் நாட்டு ஆய்வாளர், மலேசியத் தமிழரிடையே உள்ள சாதியுணர்வைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதிவிட்டார். மற்றவர்கள் படிக்க அது இருக்கிறது. தெரியாதது போல இருப்பது நாம் மட்டும்தான்.

பெரியவர் 2016-இல் காலமானார். பேத்தி செய்தி அனுப்பினாள். நான் போனேன். அம்மா கேட்ட கேள்வி மனதில் இருந்ததால், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். புதுக்கிராமத்து மளிகைக்கடைச் சீனர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பழைய மண்டோர், மலாய்க்காரர், மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். தோட்டத்தில் மேல் லயத்து ஆட்கள் என்று பெயர் எடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து, வெளியே கொட்டகையில் நின்றார்கள். யாரோ சுவைப்பானம் கொடுத்தபோது ஒருவர் வாங்கிக் குடித்தார். மற்றவர் "வேண்டாம், சர்க்கரை வியாதி" என்றார். உண்மையாகவே சர்க்கரை வியாதியாக இருக்கலாம்.

மலாய்த் தோழியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு வருடம் ஆனது. அவர் பணிமாற்றலாகிப் போகிற நாளில் சொன்னேன். "எனக்கு அப்போதே தெரியும். நீ ரொம்ப வேகமாகப் பதில் சொன்னாய்" என்றார். பிறகு தன் குடும்பத்தில் ஒரு திருமணத்துக்கு நடந்த தகராற்றையும் சொன்னார். அது அவர் சொல்ல வேண்டிய கதை, நான் எழுதக்கூடாது.

தம்பி மகள் இப்போது என் பள்ளியில்தான் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் பாட்டி வீட்டுக்கு வருவாள். அம்மா அவளுக்குத் தலை வாரிவிடுவார். தம்பி மனைவி வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போவாள், சில நாள் உள்ளே வந்து உட்காருவாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறோம், சாதாரண விஷயங்கள். ஜாதகத்தைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி" என்றாள். விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் அந்தப் பிள்ளை அஞ்சடியில் உட்கார்ந்து பள்ளி விழாவுக்காகப் பாரதியின் பாப்பாப் பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சாதி என்ற சொல் வருகிற அடியில் நின்றாள். "அத்தை, சாதின்னா என்ன?" என்று கேட்டாள்.

இருபது வருடமாக அந்தப் பாட்டைச் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் இப்படிக் கேட்டால், "அது பழைய காலத்துச் சொல், நீ பாட்டைப் பாடு" என்று கடந்துவிடுவதுதான் என் வழக்கம். அன்றும் வாயில் அதுதான் வந்தது. அதற்குள் அம்மா சீப்பைக் கீழே வைத்தார்.

"அவளக் கேக்காத, அவளுக்குத் தெரியாது. நான் சொல்றேன் கேளு" என்றார். "எங்கம்மா இருந்த லயத்துல ரெண்டு தண்ணிக்குழாய் இருந்துச்சு..."